சேலத்து மாடியிலும் ஏற்காட்டுக் கொல்லையிலும்: செடியும் ஜாடியும் காட்டும் அறிகுறிகள்

சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு ஏறத்தாழ 1500 மீட்டர். நடுவில் இருப்பது இருபது கொண்டை ஊசி வளைவுகள்தான். ஆனால் ஒரே நாற்றங்காலில் வாங்கிய தக்காளி நாற்றைக் கீழே ஒன்றும் மேலே ஒன்றும் நட்டால், இரண்டும் இரண்டு விதமாக நோகும். கீழே வெயிலும் உப்புத் தண்ணீரும் வாட்டும். மேலே பனிமூட்டமும் ஓயாத ஈரமும் வாட்டும். உலர்த்தி, ஊறவைத்து எடுத்து வைக்கும் பண்டங்களுக்கும் இதே கதைதான்.

அதனால் செடி வாடினால் மருந்துக் கடைக்குப் போவதற்கு முன் இரண்டு கேள்விகள் கேட்டுக்கொள்ளச் சொல்வேன். என்ன தண்ணீர் ஊற்றுகிறோம்? இரவு எப்படி இருக்கிறது? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் பல சமயம் மருந்தே தேவைப்படாது. உங்கள் செடியில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்ப் படித்துக்கொள்ளலாம்.

தக்காளி பூக்கிறது, காய் பிடிக்கவில்லை

சேலத்தில் பங்குனி, சித்திரையில் இது நடந்தால் செடியில் குறை ஒன்றும் இல்லை. பகலில் 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் 24 டிகிரிக்குக் கீழே இறங்காவிட்டால் தக்காளியின் மகரந்தம் சரியாக வேலை செய்யாது. பூ காம்போடு காய்ந்து விழும். இந்த நேரத்தில் பஞ்சகவ்யாவும் மீன் அமிலமும் மாற்றி மாற்றித் தெளித்துப் பலன் இல்லை. நிழல்வலை கட்டினால் பகல் சூடு குறையும். சிமென்ட் தளம் இரவு முழுக்க விடும் சூட்டை வலை என்ன செய்யும்? தொட்டிகளைத் தரையில் வைக்காமல் செங்கல் அடுக்கியோ இரும்புச் சட்டத்திலோ தூக்கி வைப்பது அதைவிட உதவும்.

சரியான வழி பட்டம், அதாவது விதைக்கும் பருவம், பார்ப்பது. ஆடியில் ஒரு நாற்று, ஐப்பசியில் ஒரு நாற்று விட்டால் மாசிக்குள் பறித்து முடித்துவிடலாம். கோடைக்கு வெண்டை, கொத்தவரை, தட்டைப்பயறு, தண்டுக்கீரை என்று வெயில் தாங்குகிறவற்றுக்கு இடம் விடுங்கள்.

ஏற்காட்டில் பூ உதிர்ந்தால் காரணம் வேறு. தொடர்ந்து மூடுபனியும் தூறலுமாக இருக்கும்போது மகரந்தம் நனைந்து ஒட்டிக்கொள்ளும், காற்றில் உதிராது. வெயில் எட்டிப் பார்க்கும் முற்பகலில் பூங்கொத்தின் காம்பை விரலால் மெல்லச் சுண்டிவிடுங்கள். தக்காளிப் பூவில் ஆணும் பெண்ணும் ஒன்றாகவே இருப்பதால் அந்த அதிர்வு போதும்.

காயின் அடிப்பகுதி கறுத்து, அமுங்கி, தோல்போல் ஆகிறது

இதைப் பார்த்ததும் பலர் பூஞ்சை என்று நினைத்து மருந்து அடிக்கிறார்கள். இது நோயே இல்லை. காயின் நுனிக்குச் சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், போய்ச் சேராததால் வருவது. பெரும்பாலும் மண்ணில் கால்சியம் இருக்கும்; அதை ஏற்றிச் செல்லும் தண்ணீர்தான் சீராக இருக்காது. இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் தொட்டி வழிய ஊற்றுகிற வீடுகளில் இது கட்டாயம் வரும். சின்னத் தொட்டியில் நட்ட பெரிய செடியிலும் வரும்.

சேலத்துக்கென்றே ஒரு விஷயம் இதில் உண்டு. கருப்பூர், மாமாங்கம், செட்டிச்சாவடி பக்கம் இருக்கும் வெள்ளைக்கல் மக்னீசியம் கார்பனேட். அந்தப் பக்கத்து மண்ணைத் தொட்டியில் நிரப்பியிருந்தாலும், அந்தப் பக்கத்து போர் தண்ணீரை ஊற்றினாலும் மக்னீசியம் ஏற்கெனவே தாராளமாக இருக்க வாய்ப்பு அதிகம். வேரில் மக்னீசியம் கூடினால் கால்சியம் உள்ளே போவது குறையும். இந்த நிலையில், யாரோ வீடியோவில் சொன்னார்கள் என்று எப்சம் உப்பைக் கரைத்து ஊற்றினால் காய் இன்னும் மோசமாகும், ஏனென்றால் எப்சம் உப்பு என்பதே மக்னீசியம் சல்பேட்தான். ஊட்டியிலோ கேரளத்திலோ புளிப்பு மண்ணில் பலன் தரக்கூடிய ஒன்றை நம் வெள்ளைக்கல் மண்ணில் அப்படியே போடக் கூடாது. மண்ணையும் தண்ணீரையும் ஒருமுறை பரிசோதித்துவிட்டு முடிவு செய்யுங்கள். சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரித்தால் வழி சொல்வார்கள்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: கறுத்த காயைப் பறித்துவிடுங்கள், அது இனித் தேறாது. தேங்காய் மட்டை, காய்ந்த இலை, வைக்கோல் எதையாவது இரண்டு விரற்கடை உயரத்துக்கு மூடாக்காகப் போடுங்கள். வெயில் காலத்தில் காலையிலும் மாலையிலும் அளவாக ஊற்றுங்கள். முட்டை ஓடு கரையப் பல மாதம் ஆகும். அதை அடுத்த பட்டத்துக்கு என்று நினைத்துப் பொடித்து மண்ணில் கலந்து வையுங்கள். அவசரத்துக்கு ஜிப்சம், அதாவது கால்சியம் சல்பேட், ஒரு கைப்பிடி தொட்டி ஓரத்தில் தூவி நீர் விடலாம்.

கொழுந்து இலை வெளுக்கிறது, நரம்பு மட்டும் பச்சையாக இருக்கிறது

முதலில் தொட்டியின் விளிம்பைப் பாருங்கள். வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் காரணம் தெரிந்துவிட்டது. போர் தண்ணீரில் இருக்கும் காரம் ஏற ஏற, மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாமல் போகும். அதனால்தான் செம்மண் தொட்டியிலேயே செடி இரும்புக்கு ஏங்குகிறது.

வெளுப்பு கொழுந்தில் தொடங்குகிறதா, அடி இலையில் தொடங்குகிறதா என்பது முக்கியம். கொழுந்தில் என்றால் இரும்பு. அடி இலை முழுதாக மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு, தொழு உரமோ மண்புழு உரமோ போதும்.

இரும்புக்குறைவுக்கு அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம், கூடவே பாதி எலுமிச்சம்பழச் சாறு. மாலை வெயில் இறங்கிய பிறகு கரைத்து, உடனே இலையில் தெளிக்கவும். கரைத்து வைத்துவிட்டு மறுநாள் தெளித்தால் துருநிறமாகி வீணாகும். பத்து நாள் கழித்து இன்னொரு முறை. இது தற்காலிக நிவாரணம்தான். காவிரிக் குழாய்த் தண்ணீர் வரும் நாளில் ஒரு டிரம் பிடித்து வைத்து வாரம் இருமுறை அதை ஊற்றுவதும், மழை நாளில் தொட்டிகளைத் திறந்த வெளிக்கு நகர்த்தி உப்பு அடித்துப் போகவிடுவதும்தான் நிலையான தீர்வு.

மிளகாய் இலை சுருள்கிறது

எந்தப் பக்கம் சுருள்கிறது? மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்ந்து, காம்பு நீண்டு, இலை தடித்துத் தெரிந்தால் முரணைச் சிலந்தி என்ற கண்ணுக்குத் தெரியாத பொடிப் பூச்சி. இலை எல்லாம் பொடிப்பொடியாகி செடி குத்துக்குத்தாகக் குன்றிப்போனால் வெள்ளை ஈ கொண்டுவந்த வைரஸ்.

இலைப்பேனுக்கு வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்து, இலையின் அடிப்பக்கம் நனையும்படி மாலையில் தெளிக்க வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை என்று மூன்று வாரம் விடாமல் செய்தால்தான் கட்டுப்படும். சிலந்திக்கு நனையும் கந்தகம் நன்றாகக் கேட்கும், லிட்டருக்கு 3 கிராம். ஒரு எச்சரிக்கை: வேப்பெண்ணெய் அடித்த செடியில் இரண்டு வாரத்துக்குள் கந்தகம் அடித்தால் இலை தீய்ந்துவிடும். கடும் வெயில் நாளிலும் அப்படித்தான். சேலத்துச் சித்திரையில் கந்தகத்தைத் தொடவே வேண்டாம். வெறும் தண்ணீரை இலையின் அடியில் வேகமாகப் பீய்ச்சினாலே சிலந்தி குறையும்.

வைரஸ் வந்த செடிக்கு மருந்து இல்லை. பிடுங்கிவிடுங்கள். மனசு கேட்காதுதான், ஆனால் அதை வைத்திருந்தால் பக்கத்துத் தொட்டிக்கும் போகும். வெண்டை இலையில் நரம்பெல்லாம் மஞ்சள் வலைபோல ஆவதும் இதே வெள்ளை ஈ பரப்பும் நோய்தான். அங்கும் பிடுங்குவதுதான் வழி. முன்கூட்டியே மஞ்சள் ஒட்டும் அட்டையைச் செடி உயரத்துக்குத் தொங்கவிடுவது நல்லது.

கத்தரியில் நுனித்தண்டு மட்டும் தலை சாய்ந்து தொங்கினால் உள்ளே புழு இருக்கிறது. வாடிய இடத்துக்கு ஒரு விரல் கீழே கிள்ளி நசுக்கிப் போடுங்கள். அதை விட்டால் அடுத்து காய்க்குள் போகும்.

பீர்க்கு, சுரை, பாகல் பிஞ்சு மஞ்சளாகி விழுகிறது

பிஞ்சில் ஊசி குத்தியதுபோல் புள்ளியும் பிசினும் இருக்கிறதா பாருங்கள்.

புள்ளி இல்லை என்றால் மகரந்தம் சேரவில்லை. பாகலும் பூசணியும் காலையில் பூக்கும். பீர்க்கும் சுரையும் பொழுது சாயும் நேரத்தில் பூக்கும், புடலை இருட்டிய பிறகு விரியும். நாம் காலை எட்டு மணிக்குத் தோட்டத்துக்குப் போய், பீர்க்கம்பூவில் தேனீ இல்லையே என்று கவலைப்பட்டு என்ன பயன்? மாலை ஆறு மணிக்குப் போய் ஆண்பூ ஒன்றைப் பறித்து, இதழைக் கிழித்து, பெண்பூவின் நடுவில் தடவிவிடுங்கள். பூவுக்குப் பின்னால் குட்டிப் பிஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தால் அது பெண்பூ. கொடி ஏறிய புதிதில் ஆண்பூவாகவே பூப்பது வழக்கம்தான், கொஞ்சம் பொறுங்கள்.

புள்ளி இருந்தால் பழ ஈ. கடையில் இனக்கவர்ச்சிப் பொறி கேட்கும்போது எந்தப் பயிருக்கு என்று சொல்லி வாங்குங்கள். மா மரத்துக்கான பொறியில் மெத்தில் யூஜினால் இருக்கும். கொடிக்காய்களைக் குத்தும் ஈ அதற்கு வராது, அதற்குக் கியூ லூர் என்ற மருந்து வேண்டும். சேலத்தில் மாம்பழப் பொறிதான் எளிதாகக் கிடைக்கும் என்பதால் பலரும் அதையே மாட்டிவிட்டு, பொறி வேலை செய்யவில்லை என்கிறார்கள். விழுந்த காயை மேலாக மண்ணில் புதைத்தால் புழு மண்ணுக்குள் கூடுகட்டி ஈயாக வெளியே வரும். பாலித்தீன் பையில் இறுக்கக் கட்டி இரண்டு மூன்று நாள் வெயிலில் போடுங்கள்.

ஏற்காட்டில் தக்காளி, உருளைக்கிழங்கு இலையில் நனைந்தாற்போல் கறுந்திட்டு

இலையைத் திருப்பினால் திட்டைச் சுற்றி வெண்மையான படலம் தெரிந்தால் பின்கருகல் நோய். குளிரும் ஈரமும் சேர்ந்தால் ஒரு வாரத்தில் தோட்டத்தையே எடுத்துவிடும். சேலத்து வெயிலில் இது அரிது. மலையில் மழைக்காலம் வந்தால் இதை எதிர்பார்த்தே இருக்க வேண்டும்.

திட்டு கண்ட இலைகளை உடனே கிள்ளி எரித்துவிடுங்கள், உரக்குழியில் போடாதீர்கள். செடிக்குச் செடி இடைவெளி விட்டு, அடி இலைகளை நீக்கி, காற்று ஓடும்படி குச்சியில் கட்டுங்கள். மாலையில் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்துங்கள். நோய் பரவும் முன்பே காப்பாகத் தெளிக்க, மலையில் காப்பித் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு நன்கு பழகிய போர்டோ கலவை போதும். பத்து லிட்டருக்கு மயில்துத்தம் (செம்பு சல்பேட்) 100 கிராம், நீற்றுச் சுண்ணாம்பு 100 கிராம். இரண்டையும் தனித்தனியாக பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்ற வேண்டும். பளபளப்பான இரும்புக் கத்தியை உள்ளே விட்டு எடுத்தால் செம்பு படியக் கூடாது. படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேருங்கள். அன்றே தெளித்து முடித்துவிட வேண்டும்.

இலை ஓரங்கள் இரவில் ஒழுங்கில்லாமல் கடிபட்டு, வெள்ளி மினுக்கும் கோடு தெரிந்தால் நத்தை. ஈரச் சாக்கை இரவில் விரித்து வைத்து விடியற்காலையில் அடியில் ஒதுங்கியிருப்பவற்றைப் பொறுக்குங்கள்.

மரவள்ளிக் குருத்து முட்டைக்கோஸ்போல் சுருங்கிக் கொத்தாகிறது

வீட்டுக்குப் பின்னால் நாலு குச்சி ஊன்றியிருப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். இது மரவள்ளி மாவுப்பூச்சி. 2020இல் கேரளத்தில் கண்டறியப்பட்டு நம் பக்கமும் வந்தது. 2022இல் இதற்கு எதிரியான ஒரு குட்டிக் குளவியை வெளிநாட்டிலிருந்து தருவித்து, ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் விடத் தொடங்கினார்கள். அந்தக் குளவிதான் நமக்குக் காவல். கண்டபடி பூச்சிமருந்து அடித்தால் முதலில் சாவது அதுதான். சுருண்ட குருத்தைக் கிள்ளி அழித்துவிட்டு, பூச்சி இல்லாத செடியிலிருந்து மட்டும் அடுத்த கரணைக்குக் குச்சி எடுங்கள்.

வற்றலில் பூசணம், டப்பாவில் வண்டு

கொத்தவரை, கத்தரி, மணத்தக்காளி, சுண்டைக்காய் எதுவானாலும் ஒடித்தால் படக்கென்று ஒடிய வேண்டும். வளைந்தால் காயவில்லை. காய்ந்ததாகத் தெரிந்த பிறகும் நேராக டப்பாவில் அடைக்காமல், கண்ணாடி ஜாடியில் முக்கால் பாகம் போட்டு மூடி ஒரு வாரம் வைத்துத் தினமும் குலுக்கிப் பாருங்கள். உள்சுவரில் வேர்த்தால் மறுபடி வெயில் காட்டுங்கள். பூசணம் வந்துவிட்டால் தட்டிவிட்டு வறுக்கலாம் என்ற எண்ணமே வேண்டாம், மொத்தமும் குப்பைக்கு. வெறும் வண்டு என்றால் புடைத்து, நல்ல வெயிலில் காயவைத்து, ஆறிய பின் வசம்புத் துண்டோடு மூடுங்கள்.

ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு: தை, மாசியில், காப்பிக்கொட்டை களத்தில் காயும் காலத்தில் வற்றலும் காயும். மற்ற மாதங்களில் காலையில் வெயில், பதினொரு மணிக்குப் பனி என்றிருக்கும், மூன்று நாளில் காய வேண்டியது ஏழு நாள் இழுத்துப் புளித்துப்போகும். காயை உப்புப் போட்டு அரைவேக்காடு வேகவைத்து வடித்து, அப்படியே சேலத்தில் உறவுக்காரர் மாடிக்குக் கொடுத்தனுப்புவது எவ்வளவோ மேல்.

மோர்மிளகாய் கறுத்துப் போனால் மோர் புளிக்கவில்லை, அல்லது உப்பு குறைவு. கிலோவுக்கு 100 கிராம் உப்பாவது வேண்டும், மோர் நன்றாகப் புளித்திருக்க வேண்டும். மிளகாயைக் கீறாமல் போட்டாலும் உள்ளே ஈரம் நின்று கறுக்கும்.

ஜவ்வரிசி வடகம் பொரியவில்லை

ஜவ்வரிசி நம்மூர்ச் சரக்கு, இதில் தோற்கக் கூடாது. தோட்டத்துத் தக்காளி அதிகமாகிவிட்டால் அரைத்து இந்தக் கூழில் சேர்ப்பது நல்ல வழி. பொரிக்கும்போது நடுவில் கல்லுப்போல் இருந்தால் கூழ் வேகவில்லை. மணியின் நடுவில் வெள்ளைப் புள்ளி மறையும் வரை வேக வேண்டும். ஒரு பங்குக்கு நாலு முதல் ஐந்து பங்கு தண்ணீர், இரவே ஊறவைத்தது. தக்காளிச் சாறு சேர்த்தால் அந்த அளவுக்குத் தண்ணீரைக் குறையுங்கள். எண்ணெயில் போட்டதும் அப்படியே அடியில் கிடந்தால் எண்ணெய் காயவில்லை, அல்லது வடகத்தில் ஈரம் இருக்கிறது. வெயிலில் வெடித்துத் தூளானால் மெலிதாக ஊற்றி உச்சி வெயிலில் போட்டிருக்கிறீர்கள், காலையிலேயே ஊற்றிவிடுங்கள்.

ஊறுகாயின் மேல் வெள்ளை ஆடை

மெல்லிய வெண்படலம், வாடை மாறவில்லை என்றால் அது பெரும்பாலும் ஈஸ்ட். உப்பும் எண்ணெயும் குறைந்து மேற்பகுதி காற்றில் பட்டதால் வருவது. ஆனால் பஞ்சுபோல் முளைத்திருந்தாலோ, பச்சை, கறுப்பு நிறம் இருந்தாலோ, மூடி உப்பியிருந்தாலோ முழு ஜாடியும் போகட்டும். இனிப் போடும்போது மாங்காய் ஒரு கிலோவுக்கு உப்பு 150 கிராமுக்குக் குறையாமல், துண்டுகள் துடைத்து ஈரம் உலர்ந்து, எண்ணெய் ஒரு விரற்கடை மேலே நிற்கும்படி போடுங்கள்.

பூண்டை வெறும் எண்ணெயில் ஊறவைத்து அலமாரியில் வைக்கும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். புளிப்பு இல்லாமல், காற்றும் இல்லாமல் இருக்கும் இடத்தில் வளரும் பொட்டுலினம் கிருமியின் நஞ்சு உயிரைப் பறிக்கக்கூடியது, வாடையிலும் நிறத்திலும் தெரியாமலும் இருக்கும். பீன்ஸ், மக்காச்சோளம், பட்டாணியை வேகவைத்துத் தண்ணீரோடு பாட்டிலில் அடைத்து வெளியே வைப்பதும் இதே ஆபத்து. அந்தக் கிருமியின் வித்து கொதிநீரில் சாகாது, 121 டிகிரி வேண்டும். வீட்டு குக்கரை நம்பி இதில் இறங்க வேண்டாம். பீன்ஸை வற்றலாக்குங்கள், அல்லது உறையவையுங்கள். தக்காளி விழுதை பாட்டிலில் அடைத்தால் லிட்டருக்கு அரைத் தேக்கரண்டி சிட்ரிக் அமிலம் சேர்த்தே அடையுங்கள்.

ஜாம் இறுகவில்லை, அல்லது கல்லாகிறது

ஏற்காட்டில் கொய்யா, ஆரஞ்சு ஜாம் செய்பவர்கள் புத்தகத்தில் இருக்கும் 105 டிகிரியை நம்பி வெப்பமானியைப் பார்த்துக்கொண்டே நின்றால் ஜாம் மிட்டாயாகிவிடும். தண்ணீர் சேலத்தில் ஏறத்தாழ 99 டிகிரியில் கொதிக்கும், ஏற்காட்டில் ஏறத்தாழ 95 டிகிரியிலேயே கொதிக்கும். உங்கள் வீட்டில் தண்ணீர் கொதிக்கும் அளவோடு ஐந்து டிகிரி சேர்த்துக்கொள்ளுங்கள். ஏற்காட்டில் 100 டிகிரியில் இறக்கலாம். பாட்டில்களைக் கொதிநீரில் வைக்கும் நேரத்தைச் சமவெளிக் கணக்கைவிடப் பத்து நிமிடம் கூட்டுங்கள்.

இறுகவே இல்லை என்றால் பழம் மிகக் கனிந்திருக்கும். நாலில் ஒரு பங்கு செங்காயாகச் சேர்த்தால் ஜாமை இறுக்கும் பெக்டின் கிடைக்கும். கொய்யாவில் அது இயல்பாகவே அதிகம், ஆகவே வேறு பழ ஜாமுக்கும் ஒரு கொய்யாவை வேகவைத்துக் கலக்கலாம்.

தோண்டிய மரவள்ளிக்கிழங்கில் நீலக்கோடு

இரண்டு மூன்று நாளில் கோடு விழுவது அதன் இயல்பு, எந்த மருந்தாலும் தடுக்க முடியாது. சமைக்கிற அளவுக்கு மட்டும் தோண்டுங்கள், மீதி மண்ணுக்குள் இருக்கட்டும். தோண்டிவிட்டால் அன்றே தோல் சீவி, தண்ணீர் நிறைய வைத்து மூடாமல் வேகவைத்து வடித்து, மெல்லிய வில்லைகளாக நறுக்கி வெயிலில் உலர்த்தினால் பல மாதம் இருக்கும். வெந்த பிறகும் கசந்தால் சாப்பிட வேண்டாம். அந்தத் தோலையும் பச்சை இலையையும் ஆட்டுக்குப் போடவும் கூடாது.